தவறிய வண்டியும் தவறிய கணக்கும்



ஒருவன் படுகிற அவசரத்தின் பாரம் யார் தலையில் போய் இறங்குகிறது? நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வேடிக்கையாகத்தான் எழுந்தது. ஆகாய விமானத்தில் வந்து இறங்குகிறவன், அயல்நாட்டுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க நடுவில் எத்தனை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் கேட்டார். இரண்டு மணி போதும் என்றார் ஒருவர். நான்கு என்றார் இன்னொருவர். "முதல் நாளே வந்துவிடு தம்பி" என்று மூலையில் இருந்த பெரியவர் சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2018-ஆம் வருஷம், பள்ளி விடுமுறைச் சமயம். என் ராத்தாவின் மகளுக்குப் பாங்காக்கில் நிக்காஹ் ஏற்பாடாகியிருந்தது. கீழக்கரை, காயல்பட்டினத்து மக்கள் அங்கே மாணிக்கமும் நீலமும் விற்று வாழ்வது அன்பர்கள் அறிந்ததே. ராத்தாவின் மாப்பிள்ளையும் கல் வியாபாரிதான். மணப்பெண்ணை ஏழு வயது வரை ஈப்போவில் வைத்து வளர்த்தது எங்கள் உம்மா. உம்மாவுக்கு அப்போது 78 வயது. விமானம் ஏறினால் காது வலி தாங்காது. ஆகவே ரயிலில் போவதென்று முடிவாயிற்று.

ரயில் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து புறப்படும் மின்சார ரயில் 2010 முதல் ஈப்போவுக்கும், 2015 முதல் எல்லையில் இருக்கும் பாடாங் பெசாருக்கும் ஓடுகிறது. சயாம் பாதையும் நம் பாதையும் பாடாங் பெசாரில் 1918-லேயே இணைந்துவிட்டன. முன்பெல்லாம் பாங்காக் வண்டி பட்டர்வொர்த் வரை வரும். 2016-க்குப் பிறகு அது எல்லையோடு நின்றுவிட்டது. பாடாங் பெசாரிலிருந்து நேரே பாங்காக் செல்ல நாளொன்றுக்கு ஒரே வண்டி, அதுவும் மாலையில். விட்டால் மறுநாள்தான்.

நான் அந்தச் சமயம் ஒரு மனை விஷயமாகக் கீழக்கரை போயிருந்தேன். திருச்சியிலிருந்து இரவு விமானம். விடிந்ததும் சிப்பாங்கில் இறங்கி, விமான நிலைய ரயிலில் 28 நிமிடத்தில் சென்ட்ரல் வந்து, வடக்கே போகும் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். உம்மாவும் சாச்சியும் ஈப்போவில் அதே பெட்டியில் ஏறி என் பக்கத்தில் உட்காருவார்கள். விமானம் இறங்குவதற்கும் வண்டி புறப்படுவதற்கும் நடுவே இரண்டேகால் மணி. குடிநுழைவுச் சோதனைக்கு முக்கால் மணி, பெட்டி வரக் கால் மணி, சென்ட்ரலுக்கு அரை மணி. போக முக்கால் மணி மிச்சம். கணக்கைப் போட்டுக் காக்காவிடம் போனில் சொன்னபோது, "முதல் நாளே வந்து கோலாலம்பூரில் தங்கிப் போயேன்" என்றார். "ஒரு ராத்திரி ஹோட்டல் காசு வீண், காக்கா. இதே மாதிரி ஐந்து தடவை வந்திருக்கிறேன்" என்றேன்.

விமானம் திருச்சியை விட்டு ஒரு மணி இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. வழியில் கால் மணியை மீட்டுக்கொண்டு ஒரு மணி ஐந்து நிமிடம் தாமதமாக இறங்கியது. நான் ஓடினேன். தொண்ணூறு நிமிடம் என்று கணக்கிட்டிருந்த வேலைகளை எண்பத்தொன்றில் முடித்தேன். அதாவது, என் பங்குக் கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. மேடைக்கு வந்து சேர்ந்தபோது வண்டி போய்ப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து நான் செய்த காரியம்தான் இன்றும் உறுத்துகிறது. உம்மா ஈப்போ ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருந்தார்கள். 1917-ல் கட்டி முடித்த அந்த வெள்ளை மண்டபத்தில், வண்டி வர மூன்று மணி இருக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். போனில் கூப்பிட்டு, "நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள் உம்மா, நான் அடுத்த வண்டியில் வந்து பாடாங் பெசாரில் சேர்ந்துகொள்கிறேன்" என்றேன். அடுத்த வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவசரக்காரன் ஒரு தவறோடு நிற்பதில்லை. முதல் தவறை மூட இரண்டாவதைச் செய்கிறான். விடுமுறைக் கூட்டத்தில் அடுத்த வண்டி நிறைந்துவிட்டிருந்தது. அதற்கடுத்த வண்டியோ, பாங்காக் வண்டி போன பிறகுதான் எல்லையைச் சேரும்.

பாடாங் பெசாரில் இரண்டு முதிய பெண்கள், பாஷை சரியாகத் தெரியாத கூட்டத்தின் நடுவே, அந்தப் பகல் முழுதும் உட்கார்ந்திருந்தார்கள். பாங்காக் டிக்கட்டுகள் என் பையில். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு மலாய்ப் பெண்மணி அவர்களைச் சூராவுக்கு அழைத்துப்போய்த் தொழ இடம் காட்டி, தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு விவரமும் சொன்னார். மாலை வண்டி அவர்கள் கண் முன்னே புறப்பட்டுப் போயிற்று. இரவு நான் போய்ச் சேர்ந்தபோது கடை மூடியிருந்தது. அந்தப் பெண்மணி மட்டும் வீட்டுக்குப் போகாமல் அவர்களுடன் பெஞ்சில் இருந்தார். மறுநாள் மாலை வண்டி ஏறி அதற்கு மறுநாள் நாங்கள் பாங்காக் சேர்ந்தோம். நிக்காஹ் முந்தின நாள் அஸருக்குப் பிறகு முடிந்திருந்தது. அவ்வளவிலும் உம்மா சொன்னது ஒன்றுதான்: "உன் வாப்பா இருந்தா முந்தின நாளே வந்து உட்கார்ந்திருப்பாக."

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஐந்து தடவை இதே கணக்கைப் போட்டு இதே வழியில் வந்தேன். அப்போதெல்லாம் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். ஆறாவது தடவை பொறுப்பில்லாதவன் என்றார்கள். ஆறு தடவையும் மனிதன் ஒருவன், கணக்கும் ஒன்று. மாறியது விமானம் மட்டும். அப்படியானால் ஒருவனுடைய குற்றம் திருச்சியில் விமானம் எப்போது கிளம்பியது என்பதைப் பொறுத்ததா?

இரவில் கிணற்றை மூடாமல் விட்டுப் போகிறான் ஒருவன். குழந்தை எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனும் அப்படியே விட்டான். அங்கே குழந்தை விழுந்துவிட்டது. ஊர் இரண்டாமவனை ஏசும், முதலாமவனோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும். யோசித்துப் பார்த்தால் இருவரும் செய்தது ஒரே காரியம். ஐந்து தடவை நான் வண்டியைப் பிடித்ததும் மூடாத கிணறுதான். பிள்ளை விழவில்லை, அவ்வளவே. தப்பித்த நாட்களை எல்லாம் நம் சாமர்த்தியத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம். அனுபவம் என்று அதற்குப் பெயரும் வைக்கிறோம்.

ஆனால் விளைவுக்கு மதிப்பே இல்லையென்று சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. நம் மார்க்கச் சட்டத்தில், தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அந்தக் குடும்பத்துக்குத் தியத் கொடுப்பது கடமையாகிறது. வேண்டுமென்றே கொன்றவனுக்குரிய தண்டனை இவனுக்கு இல்லை. ஆனாலும் கொடுக்க வேண்டியது உண்டு. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: குற்றம் ஆறு தடவையும் ஒன்றே, கடன் ஆறாவது தடவைதான் ஏறியது. அல்லாஹ்விடம் ஆறுக்கும் தவ்பா செய்ய வேண்டும். உம்மாவுக்கோ அந்த ஒரு நாளைத் தர வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவந்து தருவது?

"ஆறில் ஒன்றுதானே தவறியது, கணக்கு நல்ல கணக்குத்தான்" என்று என் மச்சான் ஒருவர் வாதாடினார். அவர் கணக்காயர், சராசரி பார்ப்பவர். சராசரி இங்கே ஏமாற்றும். விமானம் முந்தினால் பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது நிமிடம் முந்தும். பிந்தினால் அதற்கு வரம்பே கிடையாது. மூன்று மணியும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் வெட்டவெளியுமாக இருக்கிற இடத்தில் நடுவை அளந்து என்ன பயன்? மேலும், தவறினால் என்ன போகும் என்பதையும் பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மட்டும் வருகிறவன் வண்டியைத் தவறவிட்டால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று உண்டு. நாளுக்கு ஒன்றே ஓடும் வண்டியைத் தவறவிட்டால் ஒரு நாளே போகும். இரண்டுக்கும் ஒரே இரண்டேகால் மணி விட்டது எந்த ஊர் நியாயம்?

எங்கள் இராமநாதபுரம் ஜில்லாப் பெரியவர்கள் போட் மெயிலைப் பற்றிப் பேசுவார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது முதல், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடியும் ரயில். சென்னையில் வாங்கிய டிக்கட்டிலேயே கொழும்பு போய்விடலாம். ரயில் வரவில்லையென்றால் கப்பல் காத்திருக்கும். காப்பது கம்பெனியின் பொறுப்பு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, அந்த ஏற்பாடும் போயிற்று. இன்றும் இரண்டு விமானத்துக்கு ஒரே சீட்டாக வாங்கினால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது நம்மை வேறொன்றில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் விமானச் சீட்டு ஒருவரிடம், ரயில் டிக்கட் வேறொருவரிடம் என்று நாமே வாங்கிக் கோத்துக்கொண்டால், நம் இரண்டாவது பிரயாணம் முதல் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் நாம்தான். அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு விமானக் கம்பெனியை மட்டும் ஏசுவது சரியல்ல. (நானும் ஏசினேன். அதில் ஒரு ஆறுதல் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.)

வாப்பா 1950-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு வந்தவர்கள். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். கப்பல் வருமுன்பே நாகையில் போய்த் தங்கிக் காத்திருந்த நாட்களைச் சொல்வார்கள். அப்புறம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கடை வைத்தார்கள். தோட்டத்தில் விடியுமுன்பே பெரட்டு. இருட்டோடு மரத்தடிக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். பிந்திப் போனவனுக்கு மரம் கொடுக்காது. ஆகவே அங்கே பிந்துவது என்பது மேலதிகாரி ஏசுவதோடு தீருகிற விஷயமாக இல்லை. அந்த ஜனங்களோடு வாழ்ந்ததாலோ என்னவோ, வாப்பா இரவு மெயிலுக்கு மதியமே கிளம்புவார்கள். ஈப்போ ஸ்டேஷனில் பாயை விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, குடும்பத்தையே ஆறு மணி நேரம் உட்கார வைப்பார்கள். எங்களுக்கு எரிச்சலாக வரும். இன்று அந்தத் தோட்டத்தில் பால்மரம் கிடையாது. பாதி செம்பனை, பாதி வீடுகள்.

வாப்பாவின் வழியே சரி என்று சொல்ல வந்தேனா? இல்லை. ஆறு மணி நேரம் பிள்ளைகளைத் தூணில் சாய வைப்பதும் மற்றவர்கள் நேரத்தைக் கேளாமல் எடுத்துக்கொள்வதுதான். தன் பயத்துக்காக அடுத்தவரைக் காக்க வைப்பது, தன் அவசரத்துக்காகக் காக்க வைப்பதைவிட மேல் என்று எப்படிச் சொல்வது? அன்றியும், கடையை மூடிவிட்டு உட்கார வாப்பாவால் முடிந்தது. இன்று தொழிற்சாலையில் வேலை செய்யும் பையனுக்கு மூன்று நாள் லீவு. அதில் ஒரு நாளை அவன் ஹோட்டலில் வைக்க முடியுமா? ஆனால் வண்டியைத் தவறவிட்டு ஒரு நாள் பிந்திப் போனால் வேலையே போகக்கூடியவனும் அவன்தான். நேரத்தை அதிகம் விட்டுவைக்க வேண்டியவனிடத்தில்தான் விட்டுவைக்க நேரம் இல்லை. இது பணத்தைப் போலவே இருக்கிறது. இதற்கு நல்ல விடை என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நேரத்தைக் கூட்ட முடியாவிட்டால் முடிச்சையாவது அவிழ்க்கலாம். உம்மாவின் பிரயாணத்தை என் விமானத்தோடு கட்டிவைக்காமல் இருந்திருக்கலாம். டிக்கட்டுகளைக் காக்கா மகனிடம் கொடுத்து, அவனைக் கூட அனுப்பியிருக்கலாம். நான் பிந்தினால் நான் மட்டும் பிந்தியிருப்பேன். என் அவசரம் என் தலையிலேயே இறங்கியிருக்கும்.

"எல்லாம் ஏற்பாட்டுப்படிதான் நடக்கும், தவக்குல் வைத்துக் கிளம்ப வேண்டியதுதான்" என்று சங்கத்தில் ஒரு சகோதரர் சொன்னார். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நீட்ட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். கட்டாத ஒட்டகம் ஓடிப்போனால் தேடி அலைவது யார்? சொந்தக்காரனே அலைந்தால் அது அவன் பாடு. அவன் உம்மா அலைந்தால், அதைத் தவக்குல் என்று சொல்ல நாவு கூச வேண்டாமா? உள்ளபடியே போதிய நேரம் விட்டு, முதல் நாளே வந்து தங்கி, அப்படியும் வெள்ளமோ புயலோ வந்து வண்டி தவறினால், அங்கே வருந்துவதற்கு ஒன்றுமில்லை. தவக்குலின் இடம் அதுவே. எதிர்பாராமல் வந்ததற்கும், எதிர்பார்த்திருக்க வேண்டியதற்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால் மனச்சாட்சிக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

திரும்பி வரும் பிரயாணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக் கடிகாரத்தை 1982 ஜனவரி 1-ல் அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து தாய்லாந்து நமக்கு ஒரு மணி பின்னால். வடக்கே போகும்போது அந்த ஒரு மணி கையில் வருகிறது. தெற்கே வரும்போது போகிறது. தாய்லாந்து வண்டி காலை வந்து சேரும் நேரத்தை அவர்கள் கடிகாரப்படி பார்த்து, உடனே கிளம்பும் நம் வண்டிக்கு டிக்கட் போட்டுவிட்டாள் காக்கா மகள். பார்த்ததும் மாற்றி, மத்தியான வண்டிக்குப் போடச் சொன்னேன். டிக்கட் மாற்றக் கொஞ்சம் காசு பிடித்தார்கள். போகட்டும்.

பாடாங் பெசாரில் இறங்கியதும் உம்மா நேரே அந்தச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் போனார்கள். கல்யாண வீட்டில் கிடைத்த தலைத்துணியைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பெண்மணியின் கையில் வைத்தார்கள். இருவருக்கும் பொதுவான பாஷை அரைகுறை மலாய். ஆனாலும் பேச்சு நின்றபாடில்லை. நான் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வந்தேன்.

"வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டார்கள்.

"மூணு மணி நேரம், உம்மா."

"நல்லது" என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.